தாடையோரத்து நீலம்

சாயக்காவுக்கு அவள் அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவளும் சொல்லமாட்டாள், நாமும் கேட்க வேண்டாம். துணியில் படம் வரைவது அவள் தொழில். பத்து விரல் நகத்திலும் சாயம் ஏறிக் கிடக்கும், அதனால் தெருவே அவளைச் சாயக்கா என்றது.

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில் ஒரு பலகை: 'கையால் வரைந்தது. துவைத்தாலும் போகாது.' நம்பாதவர்கள் வந்தால் அவளுக்குக் குஷிதான். துணியைத் தண்ணீரில் முக்கி, கசக்கி, பிழிந்து, உதறிக் காட்டுவாள்.

"பாத்துக்கிட்டீங்களா? துணி கிழிஞ்சாலும் கிழியும், என் சாயம் போகாது."

சூட்சுமம் இஸ்திரியில் இருந்தது. வரைந்த துணியை ஒரு நாள் காயவிட்டு, உள்பக்கம் திருப்பித் தேய்ப்பாள். சூடு பட்டதும் சாயம் நூலைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் என்றால் ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடலாம். பிறகு கடவுளே இறங்கி வந்தாலும் முடியாது.

அந்த அறையில் ஆறு வருஷமாக அவளோடு இருந்தவள் சிட்டு. பார்லரில் வேலை. இரண்டு பேரும் திருநங்கைகள், இரண்டு பேரும் வீட்டில் வேண்டாதவர்கள், ஆகவே அக்கா தங்கை. சண்டைக்குக் குறைச்சலில்லை, பெரும்பாலும் கண்ணாடிக்காக. சிட்டு காலையில் அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். ஷேவ் செய்த பிறகும் தாடையோரம் தோலுக்கடியில் லேசாக ஒரு நீலம் தெரியும். அந்த நீலத்தை அமுக்க அதன்மேல் ஆரஞ்சு லிப்ஸ்டிக்கைத் தீற்றி, அதற்குமேல் கிரீம், அதற்கும்மேல் பவுடர்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கவே இவ்வளவு நேரம் ஆகாதுடி!"

"நீ துணிக்கு அடிக்கிறே, நான் மூஞ்சிக்கு அடிக்கிறேன். ஒரே தொழில்தான், போக்கா."

ஆரஞ்சுக்கு முந்தைய அந்த முகத்தை உலகத்தில் சாயக்கா ஒருத்திதான் பார்த்திருந்தாள்.

நூலகக் கூடத்தில் கண்காட்சி வைக்கலாம் என்று அழைப்பு வந்தது. பத்து வெள்ளைச் சட்டைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு திருநங்கையின் முகம். சிட்டு குதித்தாள்.

"என் மூஞ்சியும் போடுக்கா. அம்மா பாக்க வருது! போன்ல என்ன சொல்லிச்சு தெரியுமா? 'எம் பொண்ணப் பாக்க வரேன்'னு சொல்லிச்சுக்கா. பொண்ணுன்னு!"

ஆறு வருஷம் வாய் திறக்காத அம்மா. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சிட்டு ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றையும் கொடுத்தாள். முழு அலங்காரம், பெரிய கம்மல்.

சாயக்கா அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தாள், பிடிக்கவில்லை. கடை பொம்மை மாதிரி இருந்தது. அவளுக்கு வெகுநாளாக ஒரு கோபம். வரைகிறவன் எல்லாம் ஒன்று நம்மைக் கேலிச்சித்திரமாக்குகிறான், இல்லாவிட்டால் கும்பிடச் சொல்லி மேடையில் ஏற்றிவிடுகிறான். பல் துலக்கிக்கொண்டு நிற்கிற மனுஷியாக ஒருத்தனாவது வரைந்தானா? வரைந்ததைக் கழுவிவிட்டு, காலையில் கண்ணாடிக்குப் போவதற்கு முன்னால் இருக்கும் சிட்டுவை வரைந்தாள். தூக்கம் கலையாத கண், கலைந்த முடி, நீலத்தில் துளி சாம்பல் கலந்து அந்தத் தாடையோரம். அவள் கையிலிருந்து அவ்வளவு நல்ல முகம் அதுவரை வந்ததில்லை. பிரியம் இல்லாமல் அப்படி வரைய முடியாது.

சிட்டுவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கண்காட்சியில் பார்த்து அசந்து போகட்டும் என்று மறைத்து வைத்தாள், இஸ்திரியும் போட்டுவிட்டாள்.

கண்காட்சி அன்று கூட்டம் அந்தச் சட்டை முன்னால்தான் நின்றது. பத்திரிகைக்காரர் ஒருவர் "எவ்வளவு உண்மை!" என்று மாய்ந்து போனார். சாயக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதுதான் சிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அம்மா சட்டையைப் பார்த்ததும் நின்றாள். கிட்டே போய் அந்தத் தாடையை விரலால் தடவினாள்.

"அய்யோ, அப்படியே எம் பையன்!"

அவள் மனதில் ஒரு விஷமும் இல்லை. சந்தோஷத்தில் கண்ணெல்லாம் தண்ணீர். சிட்டு பக்கம் திரும்பி, "இத்தன நாளா இவன எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றாள்.

சிட்டு அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். கன்னத்துப் பவுடர் கோடு கோடாக வழிந்து, தாடையோரத்து ஆரஞ்சு தெரிந்தது.

"அத அழிச்சிடுக்கா."

"இஸ்திரி போட்டாச்சேடி."

"உங்கிட்ட மட்டும்தானக்கா அந்த மூஞ்சியக் காட்டினேன்."

அழகாகத்தானே இருக்கிறது என்று சொல்ல சாயக்கா வாயெடுத்தாள், சொல்லவில்லை. சிட்டு மாட்டியிருந்த அந்தச் சட்டையைச் சுவரிலிருந்து கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அறைக்கு வரவில்லை. பார்லரில் கணக்குத் தீர்த்துக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டாள் என்றார்கள். போன் எண்ணையும் மாற்றிவிட்டாள். கண்ணாடி இப்போது காலையெல்லாம் சும்மா கிடந்தது. சாயக்கா அதில் தலை வாருவதை விட்டுவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை, கடிதமும் இல்லை. உள்ளே அந்தச் சட்டை. கண், முடி, நெற்றி எல்லாம் நேற்று வரைந்தது போல இருந்தன. தாடையை மட்டும் சிட்டு பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தாள். ஒரு நாள் தேய்ப்பில்லை, எத்தனையோ நாள் தேய்ப்பு. துணி நைந்து, நூல் பிரிந்து, கடைசியில் ஓட்டையே விழுந்திருந்தது. ஓட்டையைச் சுற்றி மிச்சமிருந்த நூலில் நீலம் அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சரம்மா புதுச் சட்டையோடு படியேறி வந்தார். பலகையைப் படித்துவிட்டு, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"நிஜமாவே துவைச்சா போகாதாம்மா?"

சாயக்கா ஓட்டைக்குள் விரலை விட்டபடியே உட்கார்ந்திருந்தாள்.

"போகாதுங்க. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது" என்று சொல்லிவிட்டு, வந்தவர் முன்னாலேயே ஓவென்று அழுதாள்.