வயலில் ஒன்றுமில்லை

குய்த்தோ நகருக்குப் போகும் சாலையோரத்து ஊர்களில் கண்ணிவெடிக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. ஆனாலும் மாடு மேய்ந்துவிட்டு உயிரோடு திரும்பிய இடம் என்றால் நாங்கள் துணிந்து கால் வைப்போம். பக்கத்து வீட்டு ஃபெலிஸ்மினா அதற்கும் மாட்டாள்.

"மாடு லேசு. நான் கனம்," என்பாள்.

மாட்டைவிடத் தான் கனம் என்று நம்புகிறவளிடம் என்ன பேசுவது?

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. போர்க்காலத்தில் ஊரைக் காலி செய்துவிட்டு எல்லோரும் வரிசையாக இந்தச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது, அவள் புருஷன் கபிடாங்கோ, "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்குவதற்காக ஆளுயரப் புல்லுக்குள் போனான். சற்று நேரத்தில் அந்தப் பக்கம் வெடிச் சத்தம். நிறைமாதமாக இருந்தவளை யாரோ இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த வயலுக்குள் போய்ப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் அவள் மகள் சிசோலாவைக் கூட்டிப்போய், தார்ச்சாலையின் விளிம்பில் நின்றபடியே பூவை உள்ளே எறிவாள்.

அப்படிப்பட்டவள் என்னோடு பள்ளம் தோண்டும் வேலைக்குப் பெயர் கொடுத்தாள் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடற்கரையிலிருந்து நாட்டின் கிழக்கு எல்லைவரை சாலையோரமாக இணையக் கேபிள் புதைக்கிறார்கள். வெடி அகற்றுகிறவர்கள் முன்னால் போவார்கள். அவர்கள் சுத்தம் என்று வெள்ளைக் குச்சி நட்ட இடத்தை நாங்கள் வெட்டுவோம்.

"உனக்கென்ன பைத்தியமாடி?" என்று கேட்டேன்.

"அந்த வயல்ல கேபிளுக்கு ஒரு மிஷின் ரூம் கட்டப்போறாங்களாம். வயல் முழுக்கத் தேடுவாங்க. எலும்பு கிடைச்சா அள்ளிட்டு வந்து ஒழுங்காப் புதைக்கணும். என் கையாலயே."

வேலையில் அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. மம்பட்டி கல்லில் இடித்தால் போதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வான்.

"அக்கா, மண்ணுக்குத் தலை வாரி விடறீங்களா? வெட்டுங்க!"

"நீ வந்து வெட்டேன்டா! தூர நின்னு கத்தறதுக்கு நல்லா வாய் இருக்கு."

அவன் மட்டும் என்ன, வெள்ளைக் குச்சியைத் தாண்டி ஒரு நாளும் வந்ததில்லை.

ஒருவழியாக அந்த வயல் வந்தது. எங்களைச் சாலையில் தூரமாக உட்கார வைத்துவிட்டு, நோயெமியா என்ற பெண் கனத்த கவசத்தோடு மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தாள். கையிலிருந்த கருவி கீச்சென்று கத்தும்போதெல்லாம் ஃபெலிஸ்மினாவின் நகம் என் கையில் இறங்கியது. எனக்கும் பயம்தான். வெடிக்குப் பயமா, எலும்புக்குப் பயமா என்றே தெரியவில்லை. வெளியே வந்ததெல்லாம் துருப்பிடித்த மீன் டப்பாக்கள்.

முழு வயலையும் முடித்துவிட்டு நோயெமியா முகமூடியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"அக்கா, இங்க வெடி இல்ல. முன்னாடி இருந்த மாதிரியும் தெரியல. வெடிச்சிருந்தா இரும்புத் துண்டாவது சிதறிக் கிடக்கும். எலும்பும் இல்ல."

"இந்தக் காதால கேட்டேன்மா."

"அந்தக் காலத்துல எந்தப் பக்கம்தான் சத்தம் கேக்கல? மேட்டுக்கு அந்தப் பக்கமா இருந்திருக்கும்."

சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே? மேஸ்திரிகூடக் கை தட்டினான். ஃபெலிஸ்மினா மட்டும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அவரு எங்கடி?" என்று என்னைக் கேட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் கேபிள் எங்கள் ஊரைத் தாண்டிப் போய்விட்டது. சிக்னல் கோபுரம் வைத்தார்கள்; ஊரில் முளைத்த கடைகளில் பாதி போன் கடைகள். சிசோலாவும் ஒரு போன் வாங்கினாள். வாங்கிய கையோடு தன் பெற்றோரின் கல்யாணப் படத்தில் அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி, "இவரை யாராவது பார்த்தீர்களா?" என்று எழுதி இணையத்தில் போட்டுவிட்டாள். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் தொலைந்தவர்களைத் தேடுகிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஃபெலிஸ்மினா மகளை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"இவளை அந்தப் படத்தை அழிக்கச் சொல்லு!"

"ஏம்மா? அப்பா கிடைச்சா உனக்கு வேணாமா?"

"வேணாம்."

"இத்தனை வருஷமா அவருக்காகத்தானே அழுத?"

"செத்துட்டாருன்னு அழுதேன். உயிரோட இருந்தா? எங்கயோ பொண்டாட்டி புள்ளைங்களோட இருந்தா?"

"இருக்கட்டுமே. முகத்தையாவது பார்ப்பேன்."

ஃபெலிஸ்மினா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை அவ்வளவு பயந்துபோய் நான் பார்த்ததில்லை, மம்பட்டியைப் பிடித்திருந்தபோதுகூட.

"நீ முகத்தைப் பார்த்துருவ. அவரு என்னைப் பார்த்து, 'நான் புல்லுக்குள்ளதானே இருந்தேன், ரெண்டு அடி உள்ள வந்து ஒரு குரல் குடுக்கக் கூடாதா'ன்னு கேப்பாரே. நான் என்னடி சொல்லுவேன்?"

சிசோலா போனை எடுத்துப் படத்தை அழித்தாள்.

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேம்மா. ஆனா..." போனை எங்கள் பக்கம் திருப்பினாள். "நம்ம ஜனங்க நிறையப் பேரு அதை எடுத்து அவங்கவங்க பக்கத்துல போட்டிருக்காங்க. அதையெல்லாம் என்னால அழிக்க முடியாது."