வள்ளியம்மாளை வரவிடாதேயும் என்று ஜெபித்தேன்

முதலில் என் முட்டாள்தனத்தை அறிக்கையிட்டுவிடுகிறேன். என் அப்பாவுக்கு இன்னொரு மனைவி இருந்தாள் என்று பதினெட்டு நாட்கள் முழுமனதோடு நம்பினேன்.

சபையில் என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். சாவு வீட்டிலும் ஜோக் அடிப்பவன் என்று பேர் வாங்கியவன் நான். அந்தப் பதினெட்டு நாளும் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

அப்பா அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்பத்தூர் வீட்டில், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அம்மா அன்றோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். சிரிப்பு சுத்தமாக நின்றுபோனது. அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆண்டவரே, என் அம்மாவை ஒரு தடவையாவது சிரிக்க வையும்."

இறப்புச் சான்றிதழ் வந்தது. இனி வங்கியில் சொல்லி, அப்பாவின் பென்ஷனை நிறுத்தி, அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்க வேண்டும். அம்மாவின் சர்க்கரை மாத்திரை, காணிக்கை, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மடித்துக் கொடுக்கும் நோட்டு எல்லாமே அந்தப் பென்ஷனில்தான். அவள் யாரிடமும் கை நீட்டிப் பழகாதவள். என்னிடம்கூட.

பீரோவிலிருந்து அப்பாவின் பென்ஷன் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். அவருக்குப் பிறகு ஓய்வூதியம் பெற வேண்டியவர் என்ற இடத்தில் இப்படி இருந்தது: "வள்ளியம்மாள், மனைவி."

என் அம்மாவின் பெயர் எஸ்தர். ரேஷன் அட்டையில் எஸ்தர், ஆதாரில் எஸ்தர், சபைப் பதிவேட்டிலும் எஸ்தர்.

புத்தகத்தை மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டு, பரண்மேல் தள்ளிவிட்டேன். வங்கியில் சொன்னால் வள்ளியம்மாளுக்குக் கடிதம் போகும். அவள் ஆட்டோ பிடித்துப் பிள்ளைகளோடு வந்து இறங்குவாள். பென்ஷன் அவளுக்குப் போகும். போனால் போகட்டும், அம்மாவுக்கு உழைத்துப் போடலாம். ஆனால் ஐம்பத்து மூன்று வருடம் கூட வாழ்ந்த மனிதரை அம்மா இனி என்னவென்று நினைப்பாள்? அடக்கத்தில் எல்லோரையும் விடச் சத்தமாக அழுத பச்சைச் சேலைக்காரியின் முகம் வேறு கண்முன் வந்து வந்து போனது. (பணிமனை வாசலில் இட்லிக்கடை வைத்திருந்த அம்மாவாம் அவர். மன்னிக்க வேண்டும்.)

அம்மா தினமும் கேட்பாள். "இன்னா நைனா, பேங்குல சொல்ட்டியா?"

"சர்வர் டவுன்மா."

"ஒரு வாரமா டவுனாவே கீதே?"

அடுத்த வாரப் பொய்யில் வங்கி அதிகாரிக்கு அம்மை போட வைத்தேன். இதற்கிடையே மாதம் பிறந்து, அப்பா உயிரோடு இருப்பது போலவே பென்ஷன் கணக்கில் வந்து விழுந்தது. இப்போது வள்ளியம்மாளோடு போலீசும் என் கனவில் வர ஆரம்பித்தது.

தாங்க முடியாமல் என் மனைவி ஜெயாவிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மாமாவா? பக்கத்துத் தெருவுக்குப் போனாலே ஊட்டுக்கு வழி மறந்துடுவாரு. அவரு ரெண்டு குடும்பம் நடத்துனாரா? அத்தைய கேளுங்க."

"கேட்டா அம்மா உசுரு போயிடும்டி."

கேட்கவில்லை. உபவாசம் இருந்தேன். பதினெட்டாம் நாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். நான் ஜெபித்தால் அண்ணனூர் வரை கேட்கும் என்று நம் சபையில் கேலி செய்வீர்களே, அது அன்று எனக்கு மறந்துபோனது. "ஆண்டவரே! அந்த வள்ளியம்மாளை எங்க வாசல்ல கால் வைக்க விடாதேயும்! அவளைத் தூரமாய் அனுப்பும்!"

சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடமிருந்து ஒரு சத்தம். அழுகிறாள் என்று ஓடினேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள். கீரைத் தட்டு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எங்கடா அனுப்பப் போற? ஒன் எதுருலயே கீறேன். நான்தாண்டா வள்ளியம்மா!"

அம்மா பிறந்தது திருமழிசையில், விவசாயக் குடும்பத்தில். ஏழு பேருக்குக் கடைசிப் பெண் என்பதால், எழுபத்து மூன்று வயதிலும் என் மாமன்களுக்கு அவள் 'பாப்பா'தான். அப்பாவுக்கு 'ஏம்மே'. நான் கைக்குழந்தையாக இருந்தபோது இருவரும் ஞானஸ்நானம் எடுத்தார்கள், அம்மா எஸ்தர் ஆனாள். அப்பா வேலையில் சேர்ந்ததோ அதற்கு முன்பே. அதனால் ரயில்வே காகிதத்தில் அவள் வள்ளியம்மாளாகவே இருந்துவிட்டாள். அந்தப் பெயரை என் காதுபட ஒருவரும் சொன்னதில்லை. பெற்ற தாயின் பெயரை ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்ட மகன் நம் சபையில் நான் ஒருவன்தான்.

"உங்கப்பன் இருந்திருந்தா பத்து நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவர்கிட்ட கத்துன நேரத்துல ஆத்தாகிட்ட கேட்டிருக்கலாமேடா" என்றாள்.

அன்பானவர்களே, நான் கேட்டதற்கு நேர்மாறாகத்தான் தேவன் செய்தார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று கேட்டேன், அவளையே கேட்க வைத்தார். ஆனால் அடக்கத்தன்று கேட்டேனே, அந்த ஜெபத்தை அவர் மறக்கவில்லை. அதற்கு என் கோமாளித்தனத்தையே எடுத்துக்கொண்டார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இப்போது பயம் வந்தால் முதலில் வீட்டில் வாய் திறந்து பேசுகிறேன். பிறகு ஜெபிக்கிறேன், சற்றே மெதுவாக. உங்கள் வீட்டிலும் ஒரு மரணம் நடந்து, காகிதத்தைப் பார்த்துப் பயந்து பரண்மேல் ஒளித்து வைத்திருக்கிறீர்களா? இறக்குங்கள். ஆண்டவரை நம்பி, நாளைக் காலையே வங்கிக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள்.

நாங்கள் அன்றே போனோம். பெயர் வேறு வேறாக இருக்கிறதே, விரட்டிவிடுவார்கள் என்று வழியெல்லாம் எனக்குப் பயம்தான். அதிகாரியான பெண் தன் கோப்பைப் பிரித்தார். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒட்டியிருந்தது.

"இது நீங்களாம்மா?"

"நான்தாம்மா. அப்போ பல்லு இருந்துச்சி."

படத்தின் கீழே, ஓய்வு பெற்ற வருடத்திலேயே அப்பா எழுதிக் கொடுத்து, மேலதிகாரி முத்திரை வைத்த ஒரு மனு இருந்தது. என் மனைவி வள்ளியம்மாளும் எஸ்தரும் ஒருவரே என்று எழுதியிருந்தார். எங்கள் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. அதிகாரி இறப்புச் சான்றிதழையும் அம்மாவின் ஆதாரையும் வாங்கிக்கொண்டு, இரண்டு இடத்தில் கையெழுத்துக் கேட்டார். அப்பா இறந்த பிறகு ஏறியிருந்த பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் வரவில்லை. அடுத்த மாதம் குடும்ப ஓய்வூதியம் அம்மாவின் கணக்கில் வந்தது. வள்ளியம்மாள் என்கிற எஸ்தர் என்ற பெயரில்.