ஒரே சொடுக்கில் பச்சையான நூற்றிருபது பக்கங்கள்

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் திருவொற்றியூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்துக்காக சி++ பாடப் புத்தகம் ஒன்றைத் தயாரித்தேன். புரோகிராமில் கட்டளைச் சொற்கள் நீலம், விளக்கக் குறிப்புகள் பச்சை என்று ஏற்பாடு. நூற்றிருபது பக்கத்துக்கும் மவுஸால் இழுத்து இழுத்து நானே வண்ணம் கொடுத்தேன். அதில் எனக்கு அப்படியொரு கர்வம்!

ஒரு மதியம் பயிற்சி நிலையத்து ஆசிரியை அச்செடுத்த தாள்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஒரு பக்கத்தில் குறிப்பு பச்சை, அடுத்த பக்கத்தில் அதுவே நீலம். குறிப்பைக் கட்டளை என்று நினைத்துப் பிள்ளைகள் குழம்புவார்களாம். ஆறு மணிக்குள் சரியாகாவிட்டால் வேலையை வேறு சென்டருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் போனார். "அப்படிப் போச்சுன்னா நாளைலேர்ந்து நீயும் வர வேணாம்" என்றார் முதலாளி. மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக இழுத்து வண்ணத்தைத் திருத்தத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து, எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு ஒருவர் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். "இருங்க, வேலையா இருக்கறது தெரியல?" என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. என் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, ஒவ்வொரு வரியா கலர் அடிச்சிகினு கீற? பொழுது வெடிஞ்சிடும். குறிப்புக்குன்னு தனியா ஒரு ஸ்டைல் போட்டு, அதுக்குப் பச்சை குடு. குறிப்பு அல்லாம் ரெண்டு சாய்கோட்டுலதான ஆரம்பிக்குது? அத்த வெச்சித் தேடி, மொத்தத்துக்கும் அந்த ஸ்டைலப் போடச் சொல்லு."

அரை மனதோடு செய்தேன். ஒரே சொடுக்கு. அம்மாடி! நூற்றிருபது பக்கத்துக் குறிப்புகளும் பச்சையாகி நின்றன. "இப்ப ஸ்டைல்ல மட்டும் கலர மாத்திப் பாரு" என்றார். மாற்றினேன், அத்தனையும் சேர்ந்து மாறின. நான் ஒரு வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்து செய்த வேலை அது! கட்டளைச் சொற்களையும் அதே வழியில் முடித்தபோது மணி ஐந்துகூட ஆகவில்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று வெட்கத்தோடு கேட்டேன்.

"எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனில ஃபிட்டரு நான். மிஷின் புக்க நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துவேன். ஒரு தபா உன்ன மாரியே கையால கலர் அடிச்சப்ப, எச்சரிக்கை வரி ஒண்ணு செவப்பாவாம கறுப்பாவே பூட்ச்சி. அத்தக் கவனிக்காம கைய வெச்ச என் தோஸ்துக்கு ரெண்டு வெரலு பூட்ச்சிம்மா. அன்னிலேர்ந்து என் கண்ண நம்பி நான் கலர் அடிக்கறதில்ல."

ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வண்ணம் அழகுக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்றும் ஏதாவது புத்தகத்தில் ஒரு சிவப்பு வரி போடும்போது, இதைப் பார்த்துத்தான் யாரோ ஒருவர் கையை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யப்போகிறார் என்ற நினைப்பு வந்து, இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.