அக்காவுக்குப் படைத்த காப்பி

முதலில் என்னைக் கைவிட்டது என் விரல்கள்தான்.

கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் ரெண்டு பூ, அந்தப் பக்கம் ரெண்டு பூ, வாழைநாரைச் சுற்றி ஒரு இழுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கொடுத்தாலும் கட்டுகிற கை. அன்று காலை முடிச்சுப் பாதியில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொக்கு மூக்கு மாதிரி கூம்பி நின்றுவிட்டன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. நெஞ்சு, கூடைக்குள் கவிழ்த்த கோழி போல அடித்துக்கொண்டது. மூச்சை இழுக்க இழுக்கப் போதவில்லை.

செத்துப்போகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் காரணமும் இருந்தது.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கும் வடமதுரைக்கும் நடுவே, பூ விளைகிற ஊர். நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு எனக்கு முன்னால் வாழ்க்கைப்பட்டவள் என் அக்கா சரசு. நெஞ்சுப் படபடப்பு வந்து, கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைக்கு வேற்று மனுஷி வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி, அவள் புருஷனான மச்சானுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். அக்காவின் பெட்டி, அக்காவின் அம்மி, அக்காவின் மாமியார், எல்லாம் எனக்கு வந்தன. என் தாலியோடு அவள் பேரில் ஒரு சின்னத் தங்கக்காசையும் கோத்தார்கள். மூத்தவள் மனம் குளிர இளையவள் அதைப் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

விரல் கூம்பிய அன்று காலையில்தான் பக்கத்து வீட்டுக்காரி, "ஒனக்கும் ஒங்க அக்கா வயசு வந்துருச்சில்ல?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய எல்லாமும் எனக்கு வந்தாயிற்று. மிச்சம் இருந்தது சாவு ஒன்றுதான்.

அத்தை ஓடிவந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கழுத்துக் காசைத்தான் பார்த்தார்.

"ஏலே, இங்க வாடா! காசு குதிக்கிது பாரு. மூத்தவ வந்துட்டா!"

மச்சான் ஏர்க்கயிறோடு வந்து நின்றார். "வந்தவளுக்கு என்ன வேணுமாம்?"

"அவளுக்கு வேறென்ன கேக்கும்? காப்பிதான்."

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் காப்பி என்பது விருந்தாளிக்கும் காய்ச்சலுக்கும் மட்டும். அக்காவுக்கு அதில் கொள்ளை ஆசை. அத்தை கெட்டியாக ஒரு லோட்டா போட்டு விளக்குக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"படைச்சத மிச்சம் வைக்கப்புடாது. ஒரே மூச்சுல குடி."

குடித்தேன். செத்த நேரத்தில் படபடப்பு அடங்கியது. தானாக அடங்குகிற நேரம் அது என்று எங்களுக்குத் தெரியாது. பெருமை காப்பிக்குப் போயிற்று.

அன்று சாயங்காலமே அக்கா மறுபடி வந்தாள். மறுபடி காப்பி. அடுத்தடுத்த நாளும் வந்தாள். நெஞ்சு துடிக்கத் துடிக்கக் காப்பி கெட்டியானது. காப்பி கெட்டியாக ஆக நெஞ்சு துடித்தது. எனக்கும் காப்பி பிடிக்கும் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? அந்த நோயில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

மற்றபடி சுகமில்லை. கிணற்றடிக்குப் போகப் பயம், தனியாக இருக்கப் பயம், பயம் வந்துவிடுமோ என்றும் பயம். கையைக் காசின் மேல் வைத்தபடியே படுத்திருப்பேன். அக்கா மகள் செல்லத்துக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். நான் போனால் அவளுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள்? எனக்குக் கீழே தங்கை கிடையாது. எங்கள் அம்மா வீட்டில் சரக்குத் தீர்ந்துவிட்டது. அதனால் தன் சடையைத் தானே பின்ன அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பிஞ்சுக் கை பின்னுக்குப் போய் எட்டாமல் திரும்பி வரும். "நீயே பின்னிவிடு சின்னம்மா" என்று அழுவாள்.

திண்டுக்கல் பேகம்பூரில் எங்களிடம் பூ வாங்குகிற பாத்திமாக்கா வீட்டு வாசலில் ஒரு நாள் படபடப்பு வந்தது. பூக்கூடையோடு உட்கார்ந்துவிட்டேன். அந்த அக்கா விசிறிக்கொண்டே, "புள்ள, அந்திக்குப் பள்ளிவாசல்ல தண்ணி ஓதி வாங்கித் தாரேன், குடிச்சுக்க. ஆனா மொதல்ல டாக்டரம்மாகிட்ட போ. எங்க மருமவளும் இப்பிடித்தான் வெரலு கோணிக்கிட்டு நின்னா. இப்ப என்னையவே எதுத்துப் பேசுறா, அம்புட்டு நல்லாயிட்டா" என்றார்.

ஆஸ்பத்திரி நடையில் நான், அத்தை, மச்சான் மூவரும் உட்கார்ந்திருந்தோம். வந்து போகிறவர்களை எல்லாம் பார்த்து, இவர்களில் எனக்கு முன்னால் யார் போவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல புத்தி அப்போது எனக்கு இல்லை.

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். நாடி பார்த்தார். கண் இமையை விலக்கினார். கணுக்காலை அமுக்கினார். பிறகு, மூத்தவள் கதையை அதற்குள் சொல்லி முடித்திருந்த அத்தையிடம் திரும்பினார்.

"மூத்தவளுக்குக் கால் வீங்குமா?"

"வீங்குந்தாயி. சின்னதுலயே மூட்டு மூட்டா வீங்கிக் காச்சல்ல கெடந்தவளாம். ஒரு கொடம் தண்ணி தூக்கிட்டு வாரதுக்குள்ள நாலு எடத்துல நிப்பா."

"அவளுக்கு வந்தது இதய வால்வு நோய்" என்றார் டாக்டரம்மா. (வால்வு என்பது நெஞ்சுக்குள் போன ரத்தம் திரும்பி வராமல் சாத்திக்கொள்ளும் கதவு.) "இவளுக்குக் கதவெல்லாம் ஒழுங்கா சாத்துது. இவ நெஞ்சு வேற, அவ நெஞ்சு வேற."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ரோஷம்தான் வந்தது. "அப்ப நான் நடிக்கிறேங்களா?"

"யாரு சொன்னா? நெஞ்சு நெசமாத்தான் ஓடுது. அத வெரட்டுறது பயம்." இதற்குக் கடும் பதற்றம் என்று பேர் சொன்னார். (எதிரே புலி இல்லாதபோதே உடம்பு புலிக்குப் பயந்து ஓடத் தயாராவது.) "நம்பலையா? நான் சொல்றாப்ல வேகமா மூச்சு வாங்கு."

வாங்கினேன். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏந்தாயி, புள்ளைய நாய் கணக்கா எறைக்க விடுறீகளே!"

உதட்டில் எறும்பு ஊர்ந்தது. விரல்கள் கூம்பின. காசு குதித்தது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தாடி, மூத்தவ இங்கயும் வந்துட்டா!"

"அவ வரல. நாந்தான் வரவச்சேன்" என்று டாக்டரம்மா சிரித்தார். "இப்ப மெதுவா விடு. வாங்குறதவிட விடுறது நீளமா இருக்கணும்."

விட்டேன். எறும்பு ஒவ்வொன்றாக இறங்கிப் போனது. விரல்கள் தாமாகப் பிரிந்தன. நான் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை நாள் என்னை ஆட்டியது, வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடிய சாதாரண விஷயமாகத் தெரிந்தது.

"இன்னொருக்காச் செய்யட்டுங்களா?" என்று கேட்டேன்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

"சாப்பாடெல்லாம் எப்படி? காப்பி, கீப்பி உண்டா?" என்றார் டாக்டரம்மா. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மச்சானைப் பார்த்தார். மச்சான் உத்தரத்தைப் பார்த்தார். விஷயம் வெளியே வந்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஓடுற மாட்டுக்கு வாலையும் முறுக்கி விட்டிருக்கீங்களேம்மா!"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அதுவரை ஒருவரும் என்னைக் கேட்காத ஒன்றைக் கேட்டார். "அக்கா செத்ததுக்கு நீ அழுதியா?"

அழவில்லை. கல்யாணச் சேலையைக் கட்டிவிட்டார்கள். அதைக் கட்டிக்கொண்டு எப்படி அழுவது? அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அத்தையும் அழுதார். எனக்கு அவர் மாமியாராக வந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். நரம்பு அமர ஒரு மருந்தும் சில வாரத்துக்குக் கொடுத்தார். பயப்படுகிற இடத்தை விட்டு ஓடாமல் அங்கேயே கொஞ்சம் நிற்கச் சொன்னார்.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். இறங்கும்போது அத்தை சொன்னார்: "மூத்தவள ஏமாத்த முடியாது. படைக்கிறதப் படைப்போம். குடிக்கிறத நான் குடிச்சுக்கிறேன்."

குடித்தார். மறுநாளும் குடித்தார். கோழி கூவுமுன்னே எழுந்து வாசல் தெளித்து, மாட்டுத் தொழுவம் கூட்டி, என் அறைக் கதவையும் தட்டினார். "ஏத்தா, எனக்குந்தான் நெஞ்சு திடுக்குத் திடுக்குங்குது. மூத்தவ என்னையவும் புடிச்சிட்டாளா?" அதற்குப் பிறகு அக்காவுக்கு நீர்மோர்தான் என்று முடிவானது.

ஒரே நாளில் சரியாகவில்லை. காப்பி குறைந்ததில் தலை வலித்தது. நல்லாயிருந்த வாரத்துக்குப் பின்னால் கெட்ட வாரம் வந்தது. நான் பூவை வைத்து மூச்சை அளந்தேன். இந்தப் பக்கம் ரெண்டு வைக்கும்போது இழுப்பு. அந்தப் பக்கம் ரெண்டு வைத்து நாரைச் சுற்றி இறுக்கும்வரை விடுவது. பழனிக்குப் போகிற பஸ்ஸில் ஒருமுறை வந்துவிட்டது. கையில் பூ இல்லை. முந்தானை நூலில் வெறும் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போனேன். மலை தெரிந்தபோது அது போயிருந்தது; முடிச்சுகளை அவிழ்க்கத்தான் நேரமானது.

இதே போல் உங்களுக்கு வந்தால், முதலில் நெஞ்சை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். என் அக்காவின் படபடப்பு நிஜமாகவே நெஞ்சு நோய். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பயம்தான் என்று அவர் சொன்னால், அதைப் பொய் என்று நினைத்து வெட்கப்படாதீர்கள்.

அக்காவின் வயதை நான் எந்த நாளில் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. அன்று கட்டவேண்டிய பூ அதிகமாக இருந்திருக்கும். ஒரு காலையில் செல்லம் சீப்பைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். "சின்னம்மா, இனிமே எனக்குச் சொல்லித் தர மாட்டியா?" என்றாள். "பெரியவளா ஆவு, பாக்கலாம்" என்று பின்னிவிட்டேன்.

இப்போது என் அக்காவுக்கு என் பேத்தி வயது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள், நான் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டேன். காசு இன்னும் கழுத்தில்தான் கிடக்கிறது. எப்போதாவது லேசாகத் துள்ளும்.

"வந்துட்டியா? ஒக்காரு. காப்பி கெடையாது" என்பேன்.

நாரை எடுத்து இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு வைத்து மெல்ல இழுப்பேன். ஒரு முழம் முடிவதற்குள் அவள் எழுந்து போய்விடுவாள். சில நாள், இன்னும் செத்த நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கலாம் என்று தோன்றும்.