தசரதன் விட்ட விரால்

"நூலா இது? இதுக்குப் பேரு நூலா?"

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தூண்டில் கடையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தசரதன் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடை ஆட்கள் கிளாசோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

மனுஷன் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக ஃபிட்டர். அவர் கோபத்தைப் பார்க்காத ஆள் குவார்ட்டர்ஸில் கிடையாது. கரண்ட் போனால் கோபம், சாம்பாரில் முருங்கைக்காய் முற்றியிருந்தால் கோபம். ஆனால் அன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. மகள் ரேஷ்மாவுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்துப் பதினெட்டு நாள். புண் சீக்கிரம் ஆற விரால் குழம்பு வைக்கலாம் என்று மனைவி நாகம்மா குழந்தை பிறந்த வாரமே சந்தைக்குக் கிளம்பினாள். "தொட்டில வளத்த மீன எம்பொண்ணுக்குப் போடுவியா? ஏரி விராலு நான் புட்ச்சிகினு வரேன்" என்று மறித்துவிட்டார்.

இரண்டு ஞாயிறு வெறுங்கை. மூன்றாவது ஞாயிறான அன்று விடியற்காலையில் மாட்டியது, முழங்கை நீளத்துக்கு! ரீலைச் சுற்றுகிறார், சுற்றுகிறார், நூல் வந்தால்தானே? ரீல் தலையில் இருக்கும் திருகாணியை இறுக்கினார். இன்னும் இறுக்கினார். விரால் சாவகாசமாகத் தாமரைக் கொடிக்குள் புகுந்து, கொக்கியை உதறிவிட்டுப் போய்விட்டது.

"கனமா குடுன்னு தலபாடா அட்ச்சிகினேன். மெல்லிசே போதும்னு என் தலைல கட்டிட்டியேம்மா!"

கடைக்காரி ஷோபனா அசரவில்லை. "காஸ்டிங் ரீலா இருந்தா நானே கனமா குடுத்திருப்பேன்ணா. உன்து ஸ்பின்னிங் ரீலு. அதுல கனத்த பின்னல் நூலப் போட்டா வீசுனா தூரம் போவாது. செரி, நூலு அறுந்துச்சா?"

"அறுவல."

"அப்பால நூலு மேல இன்னா கோவம்? ரீலக் குடு."

நூல் நுனியைக் கதவுக் கம்பியில் கட்டி, "சுத்து" என்றாள். தசரதன் சுற்றினார். நூல்கட்டு மொத்தமும், சோப்புப் போட்ட கையில் வளையல் மாதிரி, உருளைமேல் வழுக்கிச் சுழன்றது.

"பின்னல் நூலு வழவழன்னு கீது. மொட்ட உருளையில நேராக் கட்டுனா புடிக்காது. அதுக்குத்தான் அடியில சுத்த ஒரு சுருள் தங்கூசி நைலான் நரம்பு சும்மாவே குடுத்தேன். நீ இன்னா சொன்ன? 'ஃபிட்டருக்கே பாடம் எடுக்கிறியா'ன்ன. எங்க அந்த நரம்பு?"

தசரதனுக்கு முகம் சுண்டிவிட்டது. புல்லியில் பெல்ட் வழுக்கினால் ஷெட்டையே ரெண்டாக்குகிற ஆள் அவர். அவருக்கா இது தெரியாது? நரம்பை எறியவும் இல்லை. அவர் எதையும் எறிகிறவர் இல்லை.

வண்டியை விரட்டினார். வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினார். இந்தத் தடவை தன்னைத்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் மீன் கத்தியை எடுத்துக்கொண்டு நேராகப் பால்கனிக்குப் போனார். அங்கே அந்தத் தங்கூசி நரம்பில் அவரே தன் கையால் இழுத்துக் கட்டிய துணிக்கொடி. அறுத்து ரீலில் சுற்றிக்கொண்டு இப்போதே ஏரிக்குத் திரும்ப வேண்டும்.

கொடியில் கத்தியை வைக்கப் போனபோதுதான் பார்த்தார். கொடி முழுக்கப் பேரனின் துணிகள், ஈரம் சொட்டச் சொட்ட.

சுவரைப் பிடித்துக்கொண்டு ரேஷ்மா மெதுவாக வந்தாள். ஒரு கை அடிவயிற்றைத் தாங்கியிருந்தது. "காஞ்சிடுச்சாப்பா? எவ்ளோ துணி போட்டாலும் இந்தக் கொடி தொய்யவே மாட்டேங்குது. சூப்பரா கட்டிக்கீறப்பா."

தசரதன் கத்தியைக் கீழே வைத்தார்.

"நாகு! பையை எடு. சந்தைக்குப் போலாம்."

நாகம்மா எட்டிப் பார்த்தாள். "தொட்டி மீனா?"

"எதுவா இருந்தா இன்னாடி!" என்று கத்தினார். "பதினெட்டு நாளா ஒரு வாய் விரால் கொழம்பு இல்லாம எம்பொண்ணு செவுத்தப் புட்ச்சிகினு நடக்கறா. யார் பண்ணது? நான்தாண்டி பண்ணேன்!"

குவார்ட்டர்ஸே கேட்கும்படிதான் கத்தினார். கடைசி வார்த்தை மட்டும் சரியாக வெளியே வரவில்லை.