நித்தியகல்யாணிக்கு இன்னொரு பேர்

வேகவதிக் கரையில் வீடுகளை எல்லாம் இடித்து எடுத்த பிறகு, எங்கள் வாசல் இருந்த இடத்தில் இன்று யாரும் தண்ணீர் ஊற்றாமலே நித்தியகல்யாணி மண்டிக் கிடக்கிறது. அம்மா அதை ஓட்டைக் குடத்தில் வைத்து, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி வளர்த்தாள்.

"சுடுகாட்டுப் பூவ வாசல்ல வெச்சிக்கினு இருக்கியே, பொண்ணுக்கு எப்படிமா இடம் அமையும்?" என்பாள் பக்கத்து வீட்டு அத்தை.

"அங்க படுத்திருக்கறவங்க யாரும் கொற சொல்லலியேமா" என்பாள் அம்மா.

ஆனாலும் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, பயந்துபோய்க் குடத்தைக் கொல்லைப்பக்கம் மறைத்து வைத்தாள். கேசரி தின்றுவிட்டுக் கை கழுவப் போன மாப்பிள்ளையின் அம்மா அங்கிருந்தே கேட்டாள்: "நித்தியகல்யாணியாமா? ஒரு கன்னு குடேன், உன் பொண்ணு வர்றப்போ எங்க வாசல்ல பூத்திருக்கும்."