பேண்டு செட்டுக்கு நான் எழுதிய இசை

சேலத்தில் அந்தக் காலத்தில் நான் இசை எழுதுகிறவள் என்று சொன்னால், "எந்தப் பாட்டுக்கு?" என்று கேட்பார்கள். பாட்டு இல்லை, வார்த்தையே கிடையாது, வாத்தியங்களுக்கு மட்டும் எழுதுகிறேன் என்று விளக்கினால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். என் அண்ணன் ரயில்வேயில் குமாஸ்தா. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை "பியானோ டீச்சர்" என்று சொல்லி முடித்துக்கொள்வார். பொய் இல்லை. மத்தியானம் முழுக்க ஃபேர்லேண்ட்ஸ் பங்களாக்களில் விருப்பமில்லாத குழந்தைகளின் விரல்களைப் பிடித்துப் பிடித்துக் கட்டைகளின்மேல் வைத்ததுதான் என் பிழைப்பு.

ஆனால் காலைகள் எனக்குச் சொந்தம். பூசைக்குப் போய்விட்டு வந்ததும், அண்ணி காய் நறுக்க மேசையைக் கேட்கும் வரைக்கும் எழுதுவேன். கோடு போட்ட இசைத்தாள் சேலத்தில் எங்கே கிடைக்கும்? அடிமட்டம் வைத்து ஐந்தைந்து கோடாக நானே இழுத்துக்கொள்வேன். கன்னியாஸ்திரீகளிடம் பள்ளியில் கற்ற மேற்கத்திய முறை கைக்கு வந்தது. காதில் இருந்ததோ இந்த ஊர். இரண்டும் சேர்ந்து என்ன ஆகிறதோ அதுதான் என் இசை. அது கர்நாடக சங்கீதமும் இல்லை, கோயில் கீதமும் இல்லை. இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஒரே ஒரு குறை. வருஷக்கணக்காக எழுதியும் ஒன்றைக்கூட என் காதால் கேட்டதில்லை. ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்ப்பது கேட்பது ஆகாது. சமையல் புத்தகத்தைப் படித்துப் பசியாறுகிற மாதிரி அது. மதராசுக்கு அனுப்பியவை, நன்றாக இருக்கிறது, வாசிக்க ஆளில்லை என்ற பதிலோடு பத்திரமாகத் திரும்பி வந்தன. எழுதியதை எழுதியபடி, முழுசாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில்தான் அதற்கு வழி பிறந்தது. எங்கள் பங்குக் கோயிலில் பாதிரியாராக இருந்த சாமியார் ஒருவர், திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சின்னப் பங்குக்கு மாற்றலாகிப் போனார். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் காபி குடித்துக்கொண்டே புலம்பினார். மாதா திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் பேண்டு செட் சினிமாப் பாட்டு வாசிக்கிறதாம். வேண்டாமென்று சொன்னால், வேறு என்ன இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்களாம்.

"நான் இருக்கிறேன்" என்றேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்தது பிடிக்கவில்லை என்றாலும் சரி என்று சொன்னதால் விட்டுவிட்டேன். ஊர்ப் பெரியவர்கள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். திருவிழாவன்று என் இசைக்கும் ஓர் இடம் உண்டு. நடுவில் தடுமாறினால் அந்த நிமிஷமே வழக்கமான பாட்டுக்கு மாறிவிட வேண்டும்.

பேண்டு செட் மல்லசமுத்திரத்துக்காரர்களுடையது. கிளாரினெட், ட்ரம்பெட், தாழ்ந்த சுரத்துக்கு யூஃபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல், சின்ன டிரம், தாளத்தட்டு, வயிற்றில் கட்டிக்கொள்ளும் பெரிய டிரம். பேண்டு மாஸ்டர் யுத்த காலத்தில் பட்டாளத்து பேண்டில் இருந்தவர், என் கோடுகளைப் படிப்பார். மற்றவர்களுக்காக ஒவ்வொருவர் பங்கையும் ச ரி க ம என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போவேன். கடலைக்காய் காயும் ஒரு களத்தில்தான் ஒத்திகை.

கச்சேரி என்றால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். படங்களில் அப்படித்தான் பார்த்திருந்தேன். பள்ளிக்கூடத்து நாற்காலிகளை இரவல் வாங்கி அரைவட்டமாகப் போட வைத்தேன். எல்லோரும் கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பதுபோல விறைப்பாக உட்கார்ந்தார்கள். நான் கையசைத்தேன். ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே கிளாரினெட் ஒரு பக்கம், யூஃபோனியம் ஒரு பக்கம் என்று போய்விட்டன. மறுபடியும் ஆரம்பித்தோம். இன்னும் மோசம்.

பேண்டு மாஸ்டர் எழுந்து பக்கத்தில் வந்தார். "ஏனுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க உக்கோந்து வாசிச்சதே இல்லீங்க. கலியாணம், எழவு, சாமி ஊர்வலம், எல்லாமே நடைதானுங்க. கால் போனாத்தான் எங்களுக்குக் கை போகுமுங்க."

எனக்குக் கோபம் வந்தது. எந்தப் பெரிய இசைக்காரனுடைய இசையையாவது நடந்துகொண்டே வாசித்தார்களா என்று கேட்டேன். அவர் மரியாதையாக, "எங்களுக்கு அவிங்களத் தெரியாதுங்களே" என்றார். நாற்காலிகளை மடக்கச் சொன்னேன். கச்சேரி ஊர்வலமாயிற்று. முச்சந்தியிலிருந்து கோயில் வாசல் வரை சப்பரத்துக்கு முன்னால் என் இசையை வாசித்துக்கொண்டு நடப்பது என்று முடிவானது.

நடந்ததும் சுரமெல்லாம் தன்னால் சேர்ந்துவிட்டது. ஆனால் இப்போது கால் சிக்கிக்கொண்டது.

நான் எழுதியிருந்தது சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பெரிய டிரம்மில் ஓர் அடி. ஏன் ஏழு என்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை. அப்படித்தான் வந்தது, வந்ததை வந்தபடி எழுதினேன். கச்சேரியில் ஏழு சர்வசாதாரணம். ஆனால் கச்சேரியில் யாரும் நடப்பதில்லை. பேண்டுக்காரர்களுக்குப் பெரிய டிரம் என்பது இடது காலின் அடி. இடது கால் மண்ணில் படும்போது டிரம் விழ வேண்டும், அது அவர்கள் உடம்பில் ஊறிய பழக்கம். ஏழு எண்ணி நடந்தால் முதல் சுற்று இடது காலில் தொடங்கும், அடுத்த சுற்று வலது காலில். ஒவ்வொரு வலது காலுக்கும் டிரம்காரர் திடுக்கிட்டு, ஒரு குதி குதித்துக் காலை மாற்றினார். அவர் முதுகைப் பார்த்து நடந்த பின்வரிசையும் குதித்தது. அதற்குள் மறுபடியும் கால் தப்பு, மறுபடியும் குதி. களத்தில் கடலைக்காய் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நொண்டி விளையாடுகிற பட்டாளம் போல இருந்தது என் இசை.

"எட்டாக்கிடுங்க அம்மணி" என்றார் டிரம்காரர். ஆள் ஆஜானுபாகு, மீசை அதைவிடப் பெரியது. "ஒண்ணே ஒண்ணு சேத்துனாப் போதுமுங்க. காலும் தப்பாது, பாட்டும் நடந்துரும்."

பேண்டு மாஸ்டரும் தலையை ஆட்டினார். திருவிழாவுக்கு இன்னும் ஒரே ஞாயிறுதான் பாக்கி. ஒன்று சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒன்றைச் சேர்த்தால் அது நான் எழுதியது இல்லை, ஊரில் இருக்கிற ஆயிரம் மார்ச்சில் இன்னொன்று. இத்தனை வருஷம் காத்திருந்தது அதைக் கேட்பதற்கு இல்லை. முடியாது என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, கடலைக்காய் கிளறிய பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

காகிதங்களைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு விறுவிறுவென்று நடந்தேன். கோபத்தில் நடக்கும்போது எனக்குள் என் இசை தானாக ஓடும். ஏழு, ஏழு என்று மண்சாலையில் கால் போனது. இடதில் தொடங்கினேன், வலதில் தொடங்கினேன், மறுபடி இடது. மறுபடி இடது! இரண்டு சுற்று சேர்ந்தால் பதினாலு, பதினாலு இரட்டைப்படை, கால் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. டிரம் ஒவ்வொரு சுற்றுக்கும் விழ வேண்டும் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன், நான் எழுதியது. அப்படியானால் மாற்றி எழுதவும் நான்தான். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுக்கு அடித்தால் ஒவ்வொரு அடியும் இடது காலில்தான் விழும்.

பஸ் வந்தது. நடத்துனர் விசில் ஊதிக் கூப்பிட்டார். நான் திரும்பிக் களத்தை நோக்கி ஓடினேன். புடவை கட்டிய பெண்பிள்ளை நடுரோட்டில் ஓடுவதைப் பஸ் முழுக்கத் தலை நீட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

டிரம்காரருக்கு இது பிடிக்கவில்லை. "பதினாலு தரம் கால எடுத்து வெச்சு சும்மா நடந்துட்டு ஒரு அடியாங்க? ஊரு என்னைய என்னன்னு நெனைக்கும்? தண்டச் சோறுன்னு சொல்லுமுங்க."

"ஒரே அடிதான். ஆனா ஓங்கி அடிங்க" என்றேன். "இது வரைக்கும் உங்களை யாராவது ஓங்கி அடிக்கச் சொல்லியிருக்காங்களா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "இல்லீங்க. மெல்ல, மெல்லன்னுதான் சொல்லுவாங்க."

மறுபடியும் நடந்தார்கள். முதல் அடி விழுந்தது. அடுத்த சுற்றில் டிரம் இல்லாமல் கிளாரினெட் தனியாக, கீழே ஆதரவே இல்லாமல் மேலே ஏறியது. அது எங்கே போய் நிற்கப்போகிறதோ என்று நினைத்த நேரத்தில் அடுத்த அடி. ஒருவரும் குதிக்கவில்லை. களத்தின் அந்தக் கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். முன்பு எழுதியதைவிட நன்றாக இருந்தது. இதுவும் நான் எழுதியதுதான் என்பதால் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

திருவிழாவன்று அண்ணியின் பட்டுப்புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகள், ஜரிகைக் காகிதம், சம்பங்கி மாலைகளுக்கு நடுவே மாதா. சப்பரத்தை ஊர் ஆட்கள் தோளில் தூக்கி வந்தார்கள். முச்சந்தி வரை பேண்டு செட் சினிமாப் பாட்டுத்தான் வாசித்தது, ஜனம் சந்தோஷமாகக் கூடவே முணுமுணுத்தது. மெழுகுவர்த்தி பிடித்த பெண்களோடு நானும் நடந்தேன்.

முச்சந்தியில் பேண்டு மாஸ்டர் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. பிறகு யூஃபோனியம் தாழ்ந்த குரலில் தொடங்க, பெரிய டிரம் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அடியை என் விலா எலும்பில் உணர்ந்தேன். முணுமுணுப்பு அடங்கியது. இது என்ன பாட்டு என்று சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளாரினெட் தனியாக ஏறியது. அடுத்த அடிக்குள் சப்பரம் தூக்கியவர்கள் நடையை அதற்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். மாதா இடமும் வலமுமாக மெல்ல அசைந்து வந்தாள். பாதி வழியில் ஊர்ப் பெரியவர் ஒருவர், போதும் பழைய பாட்டுக்கு மாறு என்று பேண்டு மாஸ்டருக்குக் கை காட்டினார். யாரும் தடுமாறவில்லையே, எதற்கு மாற வேண்டும்? பேண்டு மாஸ்டர் ட்ரம்பெட்டை வாயில் வைத்தபடி பக்தியோடு கண்களை மூடிக்கொண்டார். அந்த மனுஷனை அப்போதே கட்டிப்பிடித்திருப்பேன், ஊர் பார்க்கவில்லை என்றால்.

என் இசை வீதியின் அகலத்துக்கு விரிந்து போனது. சில இடங்களில் நான் நினைத்ததைவிடக் கரடுமுரடாக, சில இடங்களில் நான் நினைக்கவே நினைக்காத அழகோடு. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. மெழுகுவர்த்தி பிடித்த பெண்கள் எல்லோரும் ஜெபத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கோயில் வாசலில் கடைசிச் சுரம் நீண்டு, மெலிந்து, நின்றது.

ஒருவரும் அசையவில்லை. தெரிந்த பாட்டென்றால் அது எங்கே முடியும் என்று ஊருக்கே தெரியும். இது யாரும் கேட்டிராதது. சப்பரம் தூக்கியவர்கள் இன்னும் வரும் என்று தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். வாணக்காரர் கொள்ளியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். வாசலில் நின்ற சாமியார் பேண்டைப் பார்த்தார். பேண்டு மாஸ்டரோ கூட்டத்தில் என்னைத் தேடினார். அவ்வளவு பேரும் காத்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில், முடிவு எதுவென்று சந்தேகமில்லாமல் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"முடிஞ்சுதுங்க!" என்று கத்தினேன். "எறக்குங்க!"

சப்பரம் இறங்கியது. வாணம் சீறிக்கொண்டு மேலே போனது. பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நின்ற ஒரு பண்ணைக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முடிஞ்சு போச்சுன்னு உனக்கு எப்படி அம்மணி தெரியும்?"

"அது நான் எழுதினதுங்க" என்றேன்.

வெடிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, காதை என் பக்கம் சாய்த்தார். இன்னொரு தடவை, கோயில் வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.